இந்தச் சிம் ஆற்றை பேரில?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு. திங்களில் எங்கள் ரெஸ்ரோறன்றுக்கு ஆட்கள் வருவது குறைவு. பத்து மணிக்கே அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குசினியைக் கழுவிக்கொண்டிருந்தோம். கோப்பை கழுவுகிற பெடியன் கையைத் துடைத்துப்போட்டு, ஜக்கற்றுக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"அண்ணை, இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

பெடியனுக்கு 23 வயது. வன்னியில் பிறந்தவன். ஜேர்மனிக்கு வந்து இரண்டு வருசம். டொச் ஓரளவு விளங்கும். ஆனால் கந்தோர்க் கடிதத்தில் வருகிற டொச் வேறு பாஷை. அது எனக்கே பத்து வருசம் போன பிறகுதான் பிடிபட்டது.

கடிதம் பேர்லின் பொலிசிடமிருந்து. சந்தேகநபராக விசாரணைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். குற்றம் மோசடி. ஒரு கைத்தொலைபேசி இலக்கத்தில் இருந்து வயதான ஒரு ஜேர்மன் மனுசிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. "ஹலோ மாமா, என்ரை போன் உடைஞ்சு போச்சு, இது என்ரை புது நம்பர். அவசரமா ஒரு பில் கட்டவேணும்." மனுசி தன் மகள்தான் என்று நம்பி 2000 யூரோவுக்கு மேல் அனுப்பிவிட்டது. (டொச்சில் 'மாமா' என்றால் அம்மா. இதே செய்தி எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் வந்தது. தன்னை இவ்வளவு பாசமாய் மாமா என்று கூப்பிடுகிற மருமகன் தனக்கு ஒருத்தனும் இல்லையே என்று யோசித்தபடியால் மனுசன் தப்பிவிட்டார்.)

அந்த இலக்கத்தின் சிம் எங்கள் பெடியனின் பெயரில் பதிந்திருக்கிறது. அட்டை இலக்கத்தோடு.

"அண்ணை, நான் அந்தச் சிம்மை வாங்கேல்லை. கண்ணாலயும் காணேல்லை. எப்பிடி என்ரை பேரில வரும்?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, இருத்தி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் வெளியே வந்தது. நாலைந்து மாதத்துக்கு முன் இணையத்தில் ஒரு வேலை விளம்பரம் பார்த்திருக்கிறான். வீட்டில் இருந்தபடி கைத்தொலைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. 'முதல் சோதனை'யாக ஒரு வீடியோ அழைப்பில் தன் முகத்தையும் விசா அட்டையையும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம், அட்டையைச் சரித்துப் பிடி, இலக்கத்தை வாசி. காட்டினான், வாசித்தான். 40 யூரோ வரும் என்றார்கள். வரவில்லை. அவன் காட்டியது சோதனைக்கு அல்ல. உண்மையான அடையாளச் சரிபார்ப்பு அது. அதன் முடிவில் உயிர் பெற்றது ஒரு சிம். அந்தச் சிம் போனது வேறொருவன் கைக்கு.

ஒருத்தனின் ஏமாளித்தனம் என்று இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. இதற்குள் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

2017 யூலை 1க்கு முன் ஜேர்மனியில் பிறிபெயிட் சிம் வாங்குவது பாண் வாங்குவது மாதிரி. பெயர், முகவரி, பிறந்த திகதி கொடுக்கவேண்டும் என்று 2004 இல் இருந்தே சட்டம் இருந்ததுதான். ஆனால் கொடுத்தது உண்மையா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மிக்கி மவுஸ் என்று எழுதினாலும் சிம் வேலை செய்யும். 2016 கோடையில் பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டப்பொதி கொண்டுவந்தார்கள். அதன்படி 2017 யூலை 1 முதல் கடைக்காரர் உங்கள் பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ சரிபார்க்காமல் சிம்மை இயங்க வைக்கக்கூடாது. உங்கள் பெயர் மட்டுமல்ல, என்ன அட்டை, அதன் இலக்கம் என்ன, எந்தக் கந்தோர் கொடுத்தது என்பதும் பதியப்படும்.

பதிந்தது கொம்பனியோடு நிற்பதில்லை. தொலைபேசித்துறையை மேற்பார்வை செய்கிற புண்டெஸ்நெற்ஸ்அகென்ரூர் என்ற அரச நிறுவனத்தின் ஊடாகப் பொலிஸ், உளவுத்துறை, சுங்கம் என்று பல அலுவலகங்கள் அந்தப் பெயர்களைத் தானியங்கி முறையில் தேடிப் பார்க்கலாம். வருடத்துக்குப் பல மில்லியன் தடவை தேடுகிறார்கள். தேடியது கொம்பனிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சரி, கள்ளனைப் பிடிக்கத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். நேர்மையாய் உழைக்கிறவனுக்கு என்ன பயம்? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கையில் ஜேர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்.

சட்டத்தில் அகதிகளை மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அகதி விண்ணப்பம் விசாரணையில் இருப்பவருக்குக் கொடுக்கும் கடதாசி, வந்த உடனே கொடுக்கும் வருகைப் பத்திரம், டுல்டுங் என்று நாங்கள் எல்லோரும் அறிந்த அந்தத் தற்காலிகக் கடதாசி, எல்லாவற்றையும் ஏற்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் வேறு, கடை மேசை வேறு. 2018 இல் ஹைமில் இருந்த ஒரு குடும்பத்துக்காக நான் ஒரே நாளில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் இந்தக் கடதாசி கொம்பியூட்டரில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் வீடியோவில் செய்யுங்கள் என்றார்கள். வீடியோவில் வந்த பெண் பிளாஸ்ரிக் அட்டை இருந்தால்தான் முடியும் என்று சொல்லிவிட்டு அழைப்பை வைத்துவிட்டார். மூன்றாவது கடைக்காரர் சிரித்தபடி, "ஏற்கனவே பதிஞ்ச சிம் ஒண்டு இருக்கு, பத்து யூரோ கூட" என்றார்.

யாருடைய பெயரில் பதிந்தது என்று கேட்டேன். "உனக்கு என்னத்துக்கு அது?" என்றார்.

சட்டம் வந்து ஒரு வருசத்துக்குள் அதைச் சுற்றி ஒரு சந்தை வந்துவிட்டது. முன்னர் கள்ளனுக்கு ஒரு பொய்ப் பெயர் போதும். மிக்கி மவுஸை யாரும் விசாரணைக்கு அழைக்க முடியாது. இப்போது அவனுக்கு ஒரு உண்மையான ஆள் வேண்டும். அட்டை உள்ள, டொச் அரைகுறையாகத் தெரிந்த, 40 யூரோ பெரிய காசாய்த் தெரிகிற ஆள். அப்படியான ஆட்கள் எங்கே இருப்பார்கள்? ஹைமில் இருப்பார்கள், கோப்பை கழுவுகிற இடத்தில் இருப்பார்கள். சிம்மைப் பதியச் சொன்னதால் கள்ளன் ஒளிவதற்கு இடம் இல்லாமல் போகவில்லை. முன்னர் பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்தவன் இப்போது எங்கள் பெடியனுக்குப் பின்னால் ஒளிகிறான்.

கொஞ்சம் காசும் மூளையும் உள்ள கள்ளனுக்கு அதுகூடத் தேவையில்லை. திகதிகளைப் பாருங்கள். 2017 யூன் 15 இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் றோமிங் கட்டணம் எடுபட்டது. யூலை 1 இல் ஜேர்மனியில் அட்டை கேட்கத் தொடங்கினார்கள். இடையில் இரண்டு கிழமை. அந்த நேரம் பக்கத்தில் செக் நாட்டிலோ நெதர்லாந்திலோ பிறிபெயிட் சிம்முக்கு அட்டை கேட்கும் சட்டம் இல்லை. பேர்லினில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் பிராக். அங்கே ஒரு பை நிறைய சிம் வாங்கிவந்து இங்கே உள்ளூர் விலைக்குப் பாவிக்கலாம். ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்ட அதே மாதத்தில் பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்தார்கள்.

இன்னும் பெரிய கள்ளர் வேறு விதம். வயதான ஆட்களுக்குப் பொலிஸ் மாதிரிக் கதைத்து நகையையும் காசையும் பறிக்கிற கூட்டங்கள். "உங்கட மகள் கார் விபத்தில ஒரு ஆளைக் கொண்டுபோட்டா, மறியலுக்குப் போகாமல் இருக்கிறதெண்டால் உடனே காசு கட்டவேணும்" என்று அழுகைச் சத்தத்தோடு வருகிற அழைப்புகள். இவற்றில் பல துருக்கி, போலந்து என்று வெளிநாட்டில் இருந்து வருபவை. 2022 டிசம்பர் வரை திரையில் விழுந்த இலக்கமோ ஜேர்மன் இலக்கம். சில வேளை பொலிசின் 110 கூட விழுந்தது. இலக்கத்தை மாற்றிக் காட்டுகிற இந்த வேலைக்குச் சிம்மும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை.

இதைத் தடுப்பது கொம்பனிகளின் கையில் இருந்த வேலை. வெளிநாட்டில் இருந்து வருகிற அழைப்பு ஜேர்மன் இலக்கத்தைக் காட்டினால் அந்த இலக்கத்தை மறைத்துவிடு, 110 என்று காட்டினால் அழைப்பையே வெட்டு என்ற கட்டாயம் எப்போது வந்தது? 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் எழுதினார்கள். கொம்பனிகளுக்கு ஒரு வருசம் தவணையும் கொடுத்தார்கள். 2022 டிசம்பர் 1 இல்தான் அது முழுதாக வேலை செய்யத் தொடங்கியது. அதே 2022 இல், அதற்கு முதல், ஐரோப்பிய பொலிஸ் என்று சொல்லி இங்கிலீசில் பேசுகிற இயந்திரக் குரல் அழைப்புகள் ஜேர்மனி முழுக்க வந்தன. எனக்கே ஒரு கிழமையில் நாலு வந்தது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். பத்து யூரோ சிம் வாங்குகிற ஏழையின் அட்டையைப் பார்க்க 2017 இலேயே சட்டம் வந்துவிட்டது. கோடிக்கணக்கில் உழைக்கிற கொம்பனி தன் வயருக்குள்ளால் வருகிற பொய் இலக்கத்தை மறைக்க இன்னும் ஐந்தரை வருசம் எடுத்தது. யாரைக் கட்டுப்படுத்துவது சுகம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும்.

பயங்கரவாதத்துக்கு மறுமொழி என்ன என்று கேட்பீர்கள். இந்த நகரத்தில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. 2016 டிசம்பர் 19 இல் பிறைற்சைட்பிளாற்ஸ் நத்தார்ச் சந்தைக்குள் லொறி புகுந்தபோது நான் வேலையில் நின்றேன். அன்று 12 பேர் செத்தார்கள். காயப்பட்ட ஒருவர் பல வருசம் கழித்து, 2021 இல் இறந்தார். அதைச் செய்தவன் பல பெயர்களில் திரிந்தவன். உண்மைதான். ஆனால் அவன் யார் என்று தெரியாமல் அது நடக்கவில்லை. ஆபத்தானவன் என்று அவனைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2016 செப்ரெம்பர் வரை பேர்லின் பொலிஸ் அவனுடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டும் இருக்கிறது. பிறகு நிற்பாட்டிவிட்டார்கள். பெயர் தெரியாததால் வந்த பிழை அல்ல அது. தெரிந்த பெயரை வைத்து ஒன்றும் செய்யாததால் வந்த பிழை.

சிம் பதிவால் குற்றம் குறையும் என்பதை வேறு நாடுகளும் பரீட்சித்துப் பார்த்தன. மெக்சிக்கோவில் ஆள் கடத்தலும் கப்பமும் தாங்கமுடியாமல் 2009 இல் எல்லாக் கைத்தொலைபேசிகளையும் பதியச் சொன்னார்கள். 2012 இல் அந்தச் சட்டத்தை அவர்களே தூக்கிவிட்டார்கள். பிரிட்டனில் இப்படி ஒரு கட்டாயம் வரவே இல்லை. அங்கேயும் பயங்கரவாதம் நடந்தது. அங்கேயும் பொலிஸ் ஆட்களைப் பிடிக்கிறது.

ஜேர்மனியிலும் இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உண்டு. பிறெயர் என்ற இரண்டு சகோதரர்கள் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், அங்கே 2012 இல் பதிவு செல்லும் என்ற தீர்ப்பைக் கேட்டு, பிறகு ஸ்ராஸ்பேர்க்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2020 ஜனவரி 30 இல் அங்கேயும் தோற்றார்கள். ஆறுக்கு ஒன்று. பெயரையும் முகவரியையும் பதிவது சின்னத் தலையீடுதான் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் எண்ணம். சின்னதுதான். பேர்லினில் பிறந்து, ஒரே பெயரோடும் ஒரே வீட்டு முகவரியோடும் வாழ்கிறவருக்குச் சின்னதுதான்.

எனக்கு ஏன் சின்னதாய்த் தெரியவில்லை என்று சொல்கிறேன்.

2006 ஆம் ஆண்டு. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம். அந்த வருசம் ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு வளாகத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ஆமி. ஒரு நாள் சந்தியில் மறித்தவன் முதலில் அடையாள அட்டையை வாங்கினான், பிறகு போனை. பெயர்ப் பட்டியலை மேலே இருந்து கீழே உருட்டிக்கொண்டே கேட்டான்: "சிம் எக்க காகே நமடத?" சிம் யாருடைய பெயரில்? என்னுடையது அத்தானின் பெயரில். கொழும்பில் அவர் வாங்கி அனுப்பியது. அந்த ஒரு மறுமொழிக்காக மத்தியானம் மட்டும் வெய்யிலில் முழங்காலில் நின்றேன். அத்தானுக்கும் இயக்கத்துக்கும் என்ன தொடர்பு, பட்டியலில் இருக்கிற இந்தப் பெயர் ஆர், அந்தப் பெயர் ஆர். அன்றைக்கு விட்டுவிட்டார்கள். அடுத்த வருசம் நான் படிப்பையும் விட்டு நாட்டையும் விட்டு வந்தேன்.

இதை ஜேர்மனியோடு சமப்படுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். சமம் இல்லை. இங்கே முழங்காலில் நிற்க வைப்பதில்லை. ஆனால் அந்தச் சந்தியில் எனக்கு விளங்கிய ஒன்று இங்கேயும் பொருந்தும். யாரோடு கதைக்கிறாய் என்பதைக் கையில் வைத்திருக்கிறவன், நீ என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை என்பதை நீதான் காட்டவேண்டும்.

இந்த நகரத்திலேயே நடந்ததைப் பாருங்கள். 2009 ஒக்ரோபரில் பிறீட்றிக்ஸ்ஹைன் பக்கம் கார் எரித்த விசாரணைக்காக, அதிகாலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அந்தப் பகுதியின் கோபுரங்களில் பட்ட எல்லாக் கைத்தொலைபேசிகளின் தகவலையும் பொலிஸ் வாங்கியிருக்கிறது. அந்த ஆவணங்கள் 2012 ஜனவரியில் வெளியே வந்தபடியால்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது நான் வேலை செய்த கடை அந்தப் பக்கம். சனி, ஞாயிறு வேலை முடிய விடிந்துவிடும். என் போனும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. 2011 பெப்ரவரி 19 இல் டிறெஸ்டனில் நாசிகளுக்கு எதிராக ஊர்வலம் போன சனத்துக்கு நடந்தது இன்னும் பெரிது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமான தொடர்புப் பதிவுகளை அள்ளினார்கள். ஊர்வலம் போனவன், பால் வாங்கப் போனவன், பஸ்சுக்கு நின்றவன் எல்லோரும் ஒரே பட்டியலில்.

அதே 2017 கோடையில், சிம்முக்கு அட்டை கேட்கத் தொடங்கிய அதே யூலையில், இன்னொரு சட்டமும் வந்தது. அதைப் பற்றி எங்கள் ஆட்கள் அதிகம் கதைக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் வருகிற அகதியின் கைத்தொலைபேசியை வாங்கி, வயரைக் குத்தி, உள்ளே இருப்பதை இயந்திரத்தால் வாசிக்க அகதிகளுக்கான மத்திய அலுவலகத்துக்கு உரிமை கொடுத்தார்கள். எந்த நாட்டு இலக்கங்களுக்கு அழைத்திருக்கிறான், எந்த மொழியில் எழுதியிருக்கிறான், படங்கள் எந்த இடத்தில் எடுத்தவை என்று ஒரு அறிக்கை வரும். நீ சொல்கிற நாட்டில் இருந்துதான் வந்தாயா என்று பார்ப்பதற்காம்.

அந்தப் போனில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் குரல் இருக்கும். செத்துப்போனவர்களின் படம் இருக்கும். இன்னும் ஊரில் நிற்கிற, பெயர் வெளியே வரக்கூடாத ஆட்களின் இலக்கம் இருக்கும்.

2019 இல் வந்த ஒரு ஆப்கான் பெண் இதை ஏற்கவில்லை. சுதந்திர உரிமைகளுக்கான சங்கம் ஒன்று பின்னால் நிற்க, நீதிமன்றம் போனார். 2021 இல் பேர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வென்றார். 2023 பெப்ரவரி 16 இல் லைப்சிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றமும் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. வேறு இலகுவான வழிகள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரம்பத்திலேயே போனை வாசித்தது சட்டவிரோதம். யாழ்ப்பாணச் சந்தியில் எனக்கு இது கிடைத்திருக்காது. அதனால்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன், அதனால்தான் இதை எழுதவும் முடிகிறது. ஆனால் சட்டம் வந்ததில் இருந்து தீர்ப்பு வரும் மட்டும் ஐந்தரை வருசம். இடையில் கொடுத்த போன்களைத் திருப்பி வாசிக்காமல் விட முடியாது.

இனி எங்கள் பக்கம். அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் படுத்தால் அது அரைக் கதை.

பேரைக் குடுத்து உதவுவது என்ற ஒரு பழக்கம் எங்களிடம் இருக்கிறது. வீடு ஒருவர் பெயரில், இருப்பவர் வேறு. வேலை ஒருவர் பெயரில், செய்பவர் வேறு. விசா இல்லாத காலத்தில் அது உயிர்காத்த பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதே பழக்கத்தைப் பிடித்துத்தான் எங்களை நாங்களே தின்றோம்.

2009 இல் எனக்கு விசா கிடைத்த மூன்றாவது மாதம். ஹைமில் பழகிய ஒரு அண்ணை. ஊர்க்கதை கதைத்து, சோறு தந்து, வருத்தம் வந்தபோது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போன மனுசன். "தம்பி, எனக்குப் பழைய கடன் பிரச்சினை. உன்ரை பேரில ரெண்டு போன் கொன்றாக்ட் எடுத்துத் தா, மாதாமாதம் நான் கட்டுவன்" என்றார். எப்படி இல்லை என்பது? கடைக்குப் போய் 24 மாதத்துக்கு இரண்டு கையெழுத்து. புதுப் போன் இரண்டும் அன்றைக்கே விற்றாயிற்று. சிம் இரண்டும் ஒரு அறையில் ஊருக்கு அழைக்க வருகிற சனத்துக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குப் போனது. முள்ளிவாய்க்கால் முடிந்த காலம். முகாமுக்குள் யார் உயிரோடு என்று தேடி ஒவ்வொருவரும் எங்கெங்கோ அழைத்துக்கொண்டிருந்த நேரம். அந்தக் கண்ணீரில் காசு பார்த்தார் அண்ணை. என்னிடம் வந்த பில் 3000 யூரோவுக்கு மேல். அண்ணை வேறு நாட்டுக்குப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? கடிதங்களை உடைக்காமல் லாச்சிக்குள் போட்டேன். பயம். பில்லுக்குப் பிறகு எச்சரிக்கை, அதற்குப் பிறகு கடன் அறவிடும் இன்காசோ, அதற்குப் பிறகு மஞ்சள் உறையில் நீதிமன்றம். அந்த நாளில் முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் முதலே எழுதி வெட்டாவிட்டால் கொன்றாக்ட் இன்னொரு வருசத்துக்குத் தானாக நீளும். என்னுடையதும் நீண்டது. (2021 டிசம்பர் 1 இல் இருந்து அது மாறிவிட்டது. முதல் தவணை முடிந்தால் எந்த மாதமும் வெட்டலாம்.) மாதம் 50 யூரோப்படி ஏழு வருசம் கட்டினேன். ஷூபாவில் பெயர் கறுப்பு. வீடு கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார்கள். மனுசியும் பிள்ளையும் வந்த பிறகும் ஒரு அறையில்தான் இருந்தோம்.

ஆகவே "அட்டை கேட்டால் இப்படி நடக்காது" என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. நான் அட்டை காட்டித்தான் கையெழுத்து வைத்தேன். மிக முறையாக, மிகச் சட்டபூர்வமாக ஏமாந்தேன்.

எங்கள் பெடியனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் புதிதாக ஒரு பிள்ளை வரும்.

பொலிஸ் அனுப்புகிற கடிதத்துக்காகச் சந்தேகநபர் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டவேண்டிய கட்டாயம் இல்லை. வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு. ஒரு வழக்கறிஞரைப் பிடித்து முதலில் கோவையை எடுத்துப் பாருங்கள். அரச வழக்கறிஞரோ நீதிமன்றமோ கூப்பிட்டால் அது வேறு, போகத்தான் வேண்டும். உங்கள் பெயரைக் களவெடுத்தவன் மேல் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். மஞ்சள் உறையில் நீதிமன்றத்தின் பணக்கோரல் வந்தால் இரண்டு கிழமைக்குள் மறுப்பு அனுப்பவேண்டும். படிவம் உள்ளேயே இருக்கும். ஷூபாவிடம் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இலவசமாகக் கேட்க உரிமை உண்டு, வருசத்தில் ஒரு தடவையாவது கேளுங்கள். வீடியோவில் அட்டையைக் காட்டச் சொல்லி எந்த வேலை வந்தாலும் அது வேலை இல்லை. முக்கியமாக, கடிதத்தை லாச்சிக்குள் போடாதையுங்கோ.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு சிம் என் பெயரில் பதியப்பட்டால் அதை எனக்குச் சொல்லுங்கள். என் வீட்டு முகவரிதான் உங்களிடம் இருக்கிறதே, ஒரு கடிதம் போடுங்கள். பொலிசும் உளவுத்துறையும் வருசத்துக்குப் பல மில்லியன் தடவை பார்க்கிற பட்டியலில் என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று, பெயருக்குச் சொந்தக்காரனான நானும் ஒரு தடவை பார்க்கிறதுக்கு வழி விடுங்கள். அது நடந்திருந்தால் எங்கள் பெடியன் அடுத்த கிழமையே கண்டுபிடித்திருப்பான், அந்த ஜேர்மன் மனுசியின் காசும் தப்பியிருக்கும். குற்றத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும்.

பெடியனின் வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்கறிஞருக்கு முதல் தவணையாக 300 யூரோ கட்டியிருக்கிறான், குசினியில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டோம். முந்தநாள் வேலை முடிந்து போகும்போது அவனுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"எடு, தம்பி" என்றேன். "பேரை மட்டும் சொல்லாதை."